தப்பான பெட்டிக்குள் பத்தொன்பது வருடம்: ஜான் ஹாரிசன், ஒரு நிகழ்வு ஆய்வு

1737 ஜூன் 30-ம் தேதி லண்டனில் தீர்க்கரேகை வாரியம் கூடியது. கடலில் கப்பலின் தீர்க்கரேகையை, அதாவது கிழக்கு மேற்காக அது எங்கே இருக்கிறது என்பதை, சொல்லும் வழிக்குப் பரிசு கொடுக்க 1714-ல் சட்டம் போட்டு அமைத்த வாரியம் அது. நடுவில் இருபத்து மூன்று வருடம் ஓடிவிட்டது, உறுப்பினர்களை உட்காரவைத்துப் பேசும் அளவுக்கு உருப்படியாக யாரும் எதையும் கொண்டுவரவில்லை. அன்று வந்தவர் ஜான் ஹாரிசன், வயது 44, கடிகாரத் தொழிலை யாரிடமும் முறையாகக் கற்காத ஒரு தச்சர். அவர் செய்த கடிகாரம் முந்தின வருடம் கப்பலில் லிஸ்பன் வரை போய்த் திரும்பியிருந்தது. சட்டப்படி பரிசு வாங்க வேண்டுமென்றால் மேற்கிந்தியத் தீவுகளுக்கு ஒரு சோதனைப் பயணம் போக வேண்டும். கேட்டிருந்தால் அன்று இருந்த மனநிலையில் வாரியம் சம்மதித்திருக்கும். அவர் கேட்கவில்லை. அந்த அறையில் கடிகாரத்தைக் குறை சொன்ன ஒரே ஆள் அதைச் செய்தவர்தான். இதில் சில குறைகள் இருக்கின்றன, இன்னும் சின்னதாக, இன்னும் சரியாக இன்னொன்று செய்துவிடுகிறேன், இரண்டு வருடமும் 500 பவுண்டும் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டு போய்விட்டார்.

கடைசியாக அவர் கையில் பெரிய தொகை முழுதாக வந்து சேர்ந்தது 1773-ல். அப்போது வயது 80.

இந்தக் கதையை 'விடாமுயற்சி வென்றது' என்று ஒரு வரியில் முடித்துவிடுவது வழக்கம். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். வருடங்களை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்த பிறகுதான் உறுத்தியது. 1740-லிருந்து 1759 வரை, முழுசாகப் பத்தொன்பது வருடம், அவர் உழைத்தது ஜெயிக்கவே முடியாத ஒரு யந்திரத்தின் மேல். அந்தப் பத்தொன்பது வருடத்தைப் பொறுமை என்று சொல்வதா பிடிவாதம் என்று சொல்வதா? இந்த ஆய்வு முழுக்க அந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

முதலில் பிரச்சினை என்னவென்று பார்த்துவிடலாம். நடுக்கடலில் வடக்கு தெற்காக எங்கே இருக்கிறோம் என்பதைச் சூரியனின் உயரத்தை வைத்துச் சொல்லிவிடலாம். கிழக்கு மேற்காகச் சொல்வதுதான் வம்பு. பூமி ஒரு மணி நேரத்துக்கு 15 பாகை சுழல்கிறது, அதாவது நாலு நிமிடத்துக்கு ஒரு பாகை. கப்பலில் நண்பகல் ஆகும் நேரத்தில் புறப்பட்ட ஊரில் மணி என்ன என்று தெரிந்தால் போதும், வித்தியாசத்தைக் கணக்குப் போட்டு இடத்தைச் சொல்லிவிடலாம். புறப்பட்ட ஊரின் நேரத்தைக் கப்பலில் கொண்டுபோவது எப்படி? இது தெரியாமல் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். 1707-ல் சில்லித் தீவுகளின் பாறைகளில் ஒரு கடற்படைக் கூட்டமே மோதி, நாலு கப்பல்கள் மூழ்கி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாலுமிகள் இறந்தார்கள். அந்தச் சாவுகளுக்கு ஏழு வருடம் கழித்து வந்த சட்டம், தீர்க்கரேகையை அரைப் பாகைக்குள் சொல்லும் வழிக்கு 20,000 பவுண்ட் அறிவித்தது. அரைப் பாகை என்றால் இரண்டு நிமிட நேரம். ஆறு வாரப் பயணத்தில் மொத்தமே இரண்டு நிமிடம்தான் பிசகலாம் என்றால், ஒரு நாளைக்கு மூன்று விநாடிகூடக் கிடையாது. அன்றைய நல்ல வாட்ச்சே ஒரு நாளைக்கு ஒரு நிமிடம் முன்பின் ஓடியது. கப்பலின் ஆட்டம், வெயில், குளிர், ஈரம் எல்லாவற்றையும் தாங்கி நேரம் காட்டும் கடிகாரத்தை யாரும் இன்னும் செய்யவில்லை என்று நியூட்டனே நாடாளுமன்றக் குழுவிடம் சொல்லியிருந்தார்.

ஹாரிசன் யார்க்ஷைரில் 1693-ல் பிறந்தவர், வளர்ந்தது லிங்கன்ஷைரில் ஒரு கிராமம். அப்பா தச்சர், இவரும் தச்சர். இருபது வயதில் செய்த முதல் கடிகாரத்தின் சக்கரங்கள்கூட மரம்தான். 1722 வாக்கில் பிராக்கிள்ஸ்பி மாளிகைக்கு ஒரு கோபுரக் கடிகாரம் செய்து கொடுத்தார், அது இன்றைக்கும் ஓடுகிறது. அதற்கு எண்ணெயே கிடையாது. அந்தக் காலத்து எண்ணெய் குளிரில் கெட்டியாகும், நாளாக ஆகப் பிசினாகிவிடும், கடிகாரம் நேரம் தவறுவதற்குப் பெரிய காரணமே அதுதான். நல்ல எண்ணெய்க்கு எங்கே போவது என்று தேடாமல், லிக்னம் வைட்டே என்ற, தானே எண்ணெய்ப்பசை உள்ள மரத்தில் உராயும் பாகங்களைச் செய்தார். மரத்தோடேயே வளர்ந்தவருக்கு வருகிற யோசனை.

ஆனால் இந்த இளமைக் காலத்தில் என்னை அசத்துவது வேறு ஒரு விஷயம். தம்பி ஜேம்ஸோடு சேர்ந்து, மாதத்துக்கு ஒரு விநாடிகூடப் பிசகாத ஊசல் கடிகாரங்களைச் செய்ததாக அவர் சொன்னார். சரி, அந்தக் கிராமத்தில் அதைச் சரிபார்ப்பது எப்படி? ஒப்பிட்டுப் பார்க்க அதைவிடச் சரியான கடிகாரம் அங்கே எதுவும் இல்லை. அவர் வானத்தைப் பிடித்தார். தன் வீட்டு ஜன்னல் விளிம்பையும் பக்கத்து வீட்டுப் புகைபோக்கியையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்த்தால், குறிப்பிட்ட ஒரு நட்சத்திரம் புகைபோக்கிக்குப் பின்னால் மறையும் கணம் தெரியும். அந்தக் கணம் ஒவ்வொரு இரவும் முந்தின இரவைவிட 3 நிமிடம் 56 விநாடி முன்னால் வரும், அதில் மாற்றமே கிடையாது. நட்சத்திரம் மறைவதைப் பார்த்து, உள்ளே கடிகாரம் காட்டும் நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டியதுதான். மறுநாள் இரவு மறுபடியும். ஒரு கடிகாரத்தைச் சூடான அறையிலும் இன்னொன்றைக் குளிரான அறையிலும் வைத்து, வெப்பத்தால் எவ்வளவு பிசகுகிறது என்றும் அளந்தார். பித்தளையும் எஃகும் கம்பிகளாக மாறிமாறி வைத்த ஊசல் அப்படித்தான் சரியானது, ஒரு உலோகம் நீள்வதை இன்னொன்று சரிக்கட்டிவிடும்.

நிதானமான உழைப்பு என்று சொன்னால் என் மனதில் வருவது அந்த ஜன்னல்தான். வருடக்கணக்கில் உழைப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், ஆனால் நேற்றைவிட இன்று சரியாகியிருக்கிறதா என்று பொய் சொல்லாத ஒன்றிடம் தினமும் கேட்பவர்கள் குறைவு. ஹாரிசனிடம் முதலில் இருந்தது அந்தப் பழக்கம். பொறுமை பின்னாடி வந்தது என்றுதான் நினைக்கிறேன். முன்னேற்றம் விநாடிக் கணக்கில் கண்ணுக்குத் தெரிந்தால் யாருக்கும் பொறுமை வரும்.

1730 வாக்கில் லண்டன் வந்தார். வானியலாளர் எட்மண்ட் ஹாலி அவரைக் கடிகாரக் கலைஞர் ஜார்ஜ் கிரஹாமிடம் அனுப்பினார். கிரஹாம் கடன் கொடுத்தார், வட்டியும் இல்லை, ஈடும் இல்லை. (நீண்டகால வெற்றிக் கதைகளில் இந்த மாதிரி ஆள் ஒருவர் எங்கேயாவது இருப்பார், கதை சொல்பவர்கள் அவரை அரை வரியில் தாண்டிவிடுவார்கள். கிரஹாம் இல்லாவிட்டால் ஹாரிசன் கோபுரக் கடிகாரங்களோடு நின்றிருப்பார்.) ஐந்து வருடத்தில் அவருடைய முதல் கடற்கடிகாரம் தயார், இன்று எச்-1 என்று சொல்வது இதைத்தான், எடை 34 கிலோ. 1736-ல் லிஸ்பன் பயணம். போகும்போது ஹாரிசனுக்குக் கடல் ஒவ்வாமல் படாதபாடு. திரும்பும்போது கரை தெரிந்ததும் கப்பலின் மாலுமி அது இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள ஸ்டார்ட் முனை என்றார், இவர் தன் கடிகாரத்தை வைத்து லிசார்ட் முனை என்றார். லிசார்ட்தான். மாலுமியின் கணக்கு சுமார் 60 மைல் தவறு, அதை அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அந்தச் சான்றைக் கையில் வைத்துக்கொண்டுதான் 1737 கூட்டத்துக்குப் போய் 'இன்னும் சரியாகவில்லை' என்றார். அதைப் பெருந்தன்மை என்று பாராட்டுவது எளிது. எனக்கு முழுச் சம்மதம் இல்லை. எச்-2 இரண்டு வருடத்தில் முடிந்தது, அதில் அவரே ஒரு அடிப்படைக் கோளாறைக் கண்டுபிடித்தார்: நேரத்தை ஒழுங்காக வைக்க ஊசல் மாதிரி முன்னும் பின்னும் ஆடும் பாகத்துக்கு பேலன்ஸ் என்று பெயர், கப்பல் திரும்பும்போது எச்-2-வின் நீளமான பேலன்ஸ் கம்பிகள் பாதிக்கப்பட்டன. அதற்குள் ஸ்பெயினோடு போரும் வந்துவிட்டது. எச்-2 கடலுக்கே போகவில்லை. அடுத்து எச்-3, அதுவும் கடலைப் பார்க்கவே இல்லை. 1736-க்கும் 1761-க்கும் நடுவில், இருபத்தைந்து வருடம், அவருடைய கடிகாரம் எதுவும் ஒரு நாள்கூடக் கடலில் சோதிக்கப்படவில்லை! நட்சத்திரத்தை ஜன்னல் வழியாகத் தினமும் கேள்வி கேட்ட அதே மனிதர், கடலிடம் கேட்பதை நிறுத்திவிட்டார்.

எச்-3 தொடங்கும்போது வயது 47. பேலன்ஸ் கம்பிகளுக்குப் பதிலாக வட்டமான சக்கரங்கள் வைத்தால் எச்-2-வின் கோளாறு தீரும் என்பது யோசனை. தீர்ந்தது. ஆனால் நேரம் நிலைக்கவில்லை. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெட்டது. மொத்தம் 753 பாகங்கள். அவ்வப்போது வாரியத்திடம் போய் நிலைமையைச் சொல்லி 500 பவுண்ட் வாங்கி வருவார், அடுத்த கெடு சொல்வார், அந்தக் கெடுவும் தாண்டும். 1749-ல் ராயல் சொசைட்டி அவருக்குக் காப்லி பதக்கம் கொடுத்தது, எச்-3 அப்போதும் முடியவில்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அவர் ஜெயித்துக்கொண்டிருந்தவர் மாதிரிதான் தெரிந்திருப்பார். மகன் வில்லியம் அந்த யந்திரத்தோடு சேர்ந்தே வளர்ந்து ஆளாகி, அப்பாவுக்கு உதவியாளரும் ஆகிவிட்டார்.

அது ஏன் சரியாகவில்லை என்று இன்று சொல்வது சுலபம். பெரிய, கனமான, மெதுவாக ஆடும் பேலன்ஸைக் கப்பலின் ஆட்டம் எளிதில் கலைக்கும். சின்னதாக இருந்தாலும் வேகமாகவும் அகலமாகவும் ஆடும் பேலன்ஸ் அந்த அசைவைக் கண்டுகொள்ளாது. ஆனால் அன்று வாட்ச் என்பது பணக்காரர்களின் அலங்காரப் பொருள், நேரத்தைத் துல்லியமாக அறிய விரும்புபவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார். துல்லியம் வேண்டுமென்றால் பெரிதாக இருக்க வேண்டும் என்பது ஹாரிசன் உட்பட எல்லோருக்கும் கேள்வி கேட்கத் தோன்றாத நம்பிக்கை. எச்-2, எச்-3 எல்லாம் அந்த நம்பிக்கைக்குள்ளேயே செய்த திருத்தங்கள்.

அந்த நம்பிக்கை என்ற பெட்டியை உடைத்தது ஒரு சின்ன வேலை. 1753-ல் ஜான் ஜெஃப்ரிஸ் என்ற கடிகாரக்காரர் ஹாரிசனின் வடிவமைப்பில் அவருடைய சொந்த உபயோகத்துக்கு ஒரு பாக்கெட் வாட்ச் செய்து கொடுத்தார். வெப்பத்தைச் சமாளிக்க எச்-3-க்காகத் தான் கண்டுபிடித்த ஈருலோகப் பட்டையை இதிலும் போடச் சொல்லியிருந்தார். அந்த வாட்ச் எதிர்பார்த்ததைவிட ரொம்ப நன்றாக ஓடியது. இரண்டு வருடத்தில் வாரியத்திடம் போய், வாட்ச் வடிவத்தில் செய்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டார். 62 வயதில், வாழ்க்கையின் பெரும்பகுதியைக் கொட்டிய மூன்று யந்திரங்களுக்கு எதிர்த்திசையில் திரும்பினார்.

இதுதான் இந்த நிகழ்வின் மையம் என்று நினைக்கிறேன். பதினைந்து வருடம் ஒரு வேலையில் போட்டவருக்கு அந்தப் பதினைந்து வருடமே பெரிய பாரம், 'இவ்வளவு தூரம் வந்துவிட்டு' என்ற சொல் எல்லோரையும் கட்டிப்போடும். ஹாரிசனையும் பாதி கட்டிப்போட்டது, எச்-3-ஐ அவர் உடனே விடவில்லை, 1759 வரை நோண்டிக்கொண்டேதான் இருந்தார், பின்னாளில் அதை 'என் விசித்திரமான மூன்றாவது யந்திரம்' என்று பிரியமாகவே எழுதினார். ஆனால் கை வேறு பக்கம் போய்விட்டது. அவர் பொறுமையாகக் காத்தது தீர்க்கரேகை என்ற கேள்வியை. கடிகாரத்தின் வடிவத்தை மாற்ற அவருக்கு மனம் வந்தது, தாமதமாகத்தான், ஆனாலும் வந்தது.

அப்படியானால் பத்தொன்பது வருடம் வீணா? வீண் என்று சொன்னால் பொய். அந்த ஈருலோகப் பட்டை எச்-3-ல் பிறந்தது, பிற்காலத்தில் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்குள் எல்லாம் புகுந்தது. கூண்டுக்குள் உருளைகளை அடைத்த பேரிங்கும் எச்-3-ல்தான், இன்று சுழலும் யந்திரங்கள் பலவற்றுக்குள் அதன் வாரிசு இருக்கிறது. அதே சமயம், அவை கிடைத்ததால் பத்தொன்பது வருடம் சரியென்று ஆகாது. ஐந்தாவது வருடத்திலேயே எச்-3-ஐ ஒரு கப்பலில் ஏற்றியிருந்தால் கடல் அதன் கதையை முடித்திருக்கும், அவருக்கு வாட்ச் பத்து வருடம் முன்னாடியே தோன்றியிருக்கவும்கூடும். இது என் ஊகம், நிரூபிக்க வழியில்லை.

எச்-4 தயாரானது 1759-ல். விட்டம் 13 சென்டிமீட்டர், எடை ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, விநாடிக்கு ஐந்து துடிப்பு. 1761 நவம்பரில் டெப்ட்ஃபோர்ட் கப்பலில் வில்லியம் அதை ஜமைக்காவுக்கு எடுத்துப் போனார். அப்பாவுக்கு 68 வயது, கடல் ஒத்துக்கொள்ளாது என்பது ஏற்கெனவே தெரிந்த விஷயம். வழியில் மடெய்ராத் தீவுக் கூட்டம் எப்போது தெரியும் என்பதில் கப்பல்காரர்களின் கணக்கும் வில்லியமின் கணக்கும் மோதின, மறுநாள் தெரியும் என்று அவர் சொன்னபடி மறுநாள் காலையே கரை தெரிந்தது. கப்பல் தலைவர் டிக்ஸ், இந்தக் கடிகாரம் விற்பனைக்கு வந்தால் முதலில் எனக்கு என்று சொல்லிவைத்தார். ஜமைக்கா சேர்ந்தபோது, 81 நாளில், பிசகு 5 விநாடி. சட்டம் அனுமதித்தது 120 விநாடி.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். வாரியம் இது தற்செயலாக இருக்கலாம் என்றது. 1764-ல் பார்படோஸுக்கு இரண்டாவது சோதனை, 47 நாளில் 39 விநாடி, அதாவது தேவைப்பட்டதைவிட மூன்று மடங்கு துல்லியம். பிறகு 1765-ல் புதுச் சட்டம்: கடிகாரத்தைப் பிரித்துக் காட்டினால் பாதிப் பணம், மீதி வேண்டுமென்றால் அதே மாதிரி இன்னும் செய்து காட்ட வேண்டும். செய்ய வேண்டியதுதான், ஆனால் மாதிரி பார்க்க எச்-4 அவரிடம் இல்லை, வாரியம் வாங்கி வைத்துக்கொண்டது. நெவில் மாஸ்கலின் அந்த வருடம் அரச வானியலாளர் ஆனார், அதனாலேயே வாரிய உறுப்பினரும் ஆனார். அவர் நம்பியது நிலவுக்கும் நட்சத்திரங்களுக்கும் இடையிலான தூரத்தை அளந்து கணக்குப் போடும் முறையை.

மாஸ்கலினை வில்லன் ஆக்குவது வழக்கம். கொஞ்சம் நியாயமாகப் பார்க்கலாம். வாரியத்தின் கேள்வி முட்டாள்தனமானது இல்லை. ஒரே ஒரு மேதையால், பல வருடத்தில், ஒன்றே ஒன்று செய்ய முடிகிற கடிகாரத்தை வைத்து ஒரு கடற்படை என்ன செய்யும்? மற்றவர்களும் செய்ய முடியுமா என்பது தெரிய வேண்டாமா? லார்கம் கெண்டல் எச்-4-ஐ அப்படியே நகல் எடுத்தார், 1769-ல் முடிந்தது, செலவு 450 பவுண்ட். அந்த நகலைத்தான் கடலோடி ஜேம்ஸ் குக் 1772-ல் தன் இரண்டாவது பயணத்துக்கு எடுத்துப் போனார், சந்தேகத்தோடு போனவர் மூன்று வருடம் கழித்து அதைப் புகழ்ந்துகொண்டு திரும்பினார். விலை குறைந்தது ஆர்னால்ட், எர்ன்ஷா என்ற கடிகாரக்காரர்கள் வேறு வழிகளில் எளிமையான கடிகாரங்களைச் செய்த பிறகுதான், பின்னாளில் வந்த கப்பல் கடிகாரங்கள் எச்-4-ன் உள்ளமைப்பைப் பெரும்பாலும் பின்பற்றவே இல்லை. 1831-ல் டார்வின் போன பீகிள் கப்பல் புறப்பட்டபோது அதில் 22 கடிகாரங்கள் இருந்தன. ஹாரிசன் நிரூபித்தது இது முடியும் என்பதை. அதைப் பார்த்த பிறகு மற்றவர்களுக்கு வேறு வழி தேடத் தைரியம் வந்தது.

எழுபது வயதைத் தாண்டிய ஹாரிசன் எச்-4 கையில் இல்லாமலேயே எச்-5-ஐச் செய்தார். 1772-ல் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் அதைத் தானே பத்து வாரம் சோதித்தார், நாளுக்கு மூன்றில் ஒரு விநாடிக்குள் நின்றது. அடுத்த வருடம் நாடாளுமன்றம் 8,750 பவுண்ட் கொடுத்தது. அதற்குப் பரிசு என்று பெயர் கிடையாது. தீர்க்கரேகைப் பரிசு என்ற பெயரில் 20,000 பவுண்ட் முழுத்தொகையை வாரியம் கடைசிவரை யாருக்குமே கொடுக்கவில்லை.

ஹாரிசனின் ஓவியம் ஒன்று இருக்கிறது, 1760-களில் வரைந்தது. பின்னால் எச்-3 தெரிகிறது. கையில் பிடித்திருப்பது ஜெஃப்ரிஸ் செய்த வாட்ச்.

இறப்பதற்கு முந்தைய வருடம், 1775-ல், ஒரு புத்தகம் எழுதினார். படிக்கவே முடியாத நடை, வாக்கியங்கள் பக்கம் தாண்டிப் போகும். தன் வடிவமைப்பில் செய்த ஊசல் கடிகாரம் நூறு நாளைக்கு ஒரு விநாடிக்குள் நிற்கும் என்று அதில் எழுதியிருந்தார். கேலி செய்தார்கள், கிழவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள். அந்தக் கொள்கைப்படி இருபதாம் நூற்றாண்டில் தொடங்கிய ஒரு கடிகாரத்தை முடித்து, 2015-ல் கிரீனிச் வானாய்வகத்தில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்டியில் பூட்டி முத்திரை வைத்து நூறு நாள் ஓடவிட்டார்கள். பிசகு, எட்டில் ஐந்து விநாடி.